கேளு வாத்தியாரும் வழி தப்பிய மாமன்களும்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கேளு வாத்தியார் இறந்துபோன சேதி வந்தபோது, அவர் திரும்பி வருகிறார் என்று ஊர் முழுக்கச் சொன்னவன் நான்தான்.

தபால் கார்டு மலையாள எழுத்தில் இருந்தது. ஏழு வருஷம் அவரோடு பள்ளிக்கூடத்து அடுப்படியில் புகை குடித்தவனுக்கு அந்த எழுத்து தெரியாதா என்று நாலு பேர் முன்னால் கார்டை வாங்கிப் பார்த்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது இரண்டே எழுத்து, கே, ளு. பள்ளிக்கூடத்துப் பானைகளில் எல்லாம் அவர் சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்த அவர் பேர். அந்த இரண்டும் கார்டில் இருந்தன. "வாத்தியாரு வாராருங்க" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தைச் சாணி போட்டு மெழுகினார்கள். என் தங்கை ஒரு பலாப்பழத்தை அவருக்கென்று எடுத்து வைத்தாள். நாலாம் நாள், காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிற ரைட்டர், அவரும் மலையாளத்துக்காரர், அந்த வழியாக வந்தார். கார்டைக் கொடுத்து, என்றைக்கு வருகிறார் என்று போட்டிருக்கிறதா பாருங்கள் என்றேன். அவர் இரண்டு தடவை படித்தார். "எங்கள் அம்மாவன் காலமானார் என்று போட்டிருக்கு. அம்மாவன் என்றால் மாமன்" என்றார். தங்கை வைத்த பலாப்பழம் அதற்குள் பழுத்துத் தெரு முழுக்க மணந்துகொண்டிருந்தது.

இப்போதைய வாத்தியார்தான் கேளு வாத்தியாரைப் பற்றி என்னை எழுதச் சொன்னார். பள்ளிக்கூடத்துச் சமையல் சடையன் என்றால் ஆலத்தூர் நாட்டில் உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிப்பேர் என் கையால் தின்றவர்கள். சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். அதில் ஒரு வருஷம் முட்டி போட்டு நின்றிருந்தேன். ஆகவே இதில் பிழை இருந்தால் கேளு வாத்தியாரைத் திட்டுங்கள். அவர் திருப்பிப் பேசமாட்டார். அப்படி அவர் சும்மா இருப்பது இதுதான் முதல் தடவை.

அவர் இங்கே வந்ததே ஒரு பிழையால்தான். அதற்கு முன் கீழ்நாட்டிலிருந்து வந்த வாத்தியார்கள் முதல் குளிர்காய்ச்சலோடு இறங்கிப் போனார்கள். மலையில் பிறந்த ஆளாக இருந்தால் தாங்குவான் என்று ஊர்க்கவுண்டர் ஆபீசுக்கு மனுப் போட்டார்: எங்களுக்கு ஒரு மலையாளி வாத்தியார் வேண்டும். மலையில் இருக்கிற நாங்கள்தான் மலையாளி, எங்கள் ஆளாகப் பார்த்து அனுப்புங்கள் என்று அர்த்தம். ஆபீசில் யாரோ வெகு சிரத்தையாக மலபார்க் கடலோரத்திலிருந்து ஒரு மலையாளியைத் தேடிப் பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

குடையும் பெட்டியுமாக அரை நாள் நடந்து மலையேறி வந்து நின்றார். "உங்க பேருங்க?" என்றார் ஊர்க்கவுண்டர். "கேளு" என்றார் வந்தவர். "கேட்டனுங்க. பேரு என்னங்க?" "கேளு." ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பி, "சடையா, நீ கேளு" என்றார். வந்தவர் வெகு சந்தோஷமாகத் தலையை ஆட்டி, ஆமாம், கேளு என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெள்ளம் உண்டோ என்றார். ஐப்பசி மாதம். இரண்டு பேர் ஓடிப்போய் ஓடையைப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் வரலீங்க என்று சொன்னார்கள். அவர் கேட்டது குடிக்கத் தண்ணீர் என்று புரிவதற்குள் மனிதருக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தால், காய்ச்சினதா என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது என் கஷ்டகாலம். சோற்றைக் காய்ச்சலாம், களியைக் கிண்டலாம், தண்ணீரைச் சமைக்கச் சொன்ன மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மலைச்சுனையில் கண்ணாடிபோல வருகிற தண்ணீரை எடுத்து, இரண்டு கட்டு விறகை எரித்து, சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, மறுபடியும் ஆறவைக்க வேண்டும். எதற்கு இந்த வேலை, அது முதலிலேயே ஆறித்தானே இருந்தது என்று கேட்டேன். அவர் மூன்றாவது கட்டு விறகை எடுத்துப் போட்டார்.

வீட்டுக்கு ஒரு படி சாமை என்று ஊர் கொடுத்தது. அதை வைத்து நாற்பது பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு. சோற்றுக்கு முன்னால் கைவரிசை. பூந்திக்கொட்டை நுரையில் கை கழுவி, நகத்தைக் காட்டி, ஒவ்வொருவராக நிற்க வேண்டும். அவர் குனிந்து ஒவ்வொரு கையையும் முகர்ந்து பார்ப்பார். வரிசையில் கடைசி ஆள் நான். மீசை வைத்தவன், அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு ஏதாவது ஒரு முறையில் மாமன். "சடையா, கை காணட்டே" என்பார். காட்டுவேன். முகர்ந்துவிட்டு, வெங்காயம் என்பார். சமையல்காரன் கையில் சந்தனமா மணக்கும் என்று கேட்டால், போய் மறுபடியும் கழுவு என்பார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. சிரித்தவர்கள் யார் யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

பிள்ளைகள் அள்ளி விழுங்குகிறார்கள், மெல்லுவதில்லை என்று அடுத்த கவலை அவருக்கு. மெதுவாகத் தின்னவைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். பந்தியில் கதை சொன்னார். கடலை அளக்கப்போன நண்டின் கதை. நண்டு ஒவ்வொரு அடியாக எண்ணும், அலை வந்து எண்ணியதை அழித்துவிடும். அவர் ரங்கூனில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர், அங்கே கேட்ட யானைக்குத் தொப்பி தைத்த தையல்காரன் கதையும் சொல்வார். எங்கள் பிள்ளைகள் கடலைக் கண்டார்களா, ரங்கூனைக் கண்டார்களா? நண்டை மட்டும் தெரியும். "அந்த நண்டை ஏனுங்க யாருமே புடிச்சுச் சுடல?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது. வாத்தியார் ஒரு நாள் முழுக்க வருத்தமாக இருந்தார்.

எங்கள் மலையில் கதை கேட்கிறவன் ம் கொட்ட வேண்டும். ம் இல்லாவிட்டால் கதை நகராது. நாற்பது பிள்ளைகள் வாய் நிறையச் சோற்றோடு ம், ம் என்று சத்தம் போட்டதும், தன்னைத் திட்டுகிறார்கள் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, தானே ஒரு தடவை ம் சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை அது. "வாய் மூடி மெல்லட்டே, செவி தொறந்து கேக்கட்டே" என்று அன்றிலிருந்து தினமும் சொன்னார். தினமும் என்றால் தினமும்தான், ஏழு வருஷம்.

ஆனால் இன்னொரு விஷயத்தை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பகலில் கதை சொல்லக்கூடாது. சொன்னால், வெளியே போயிருக்கிற மாமன் வழி தப்பிப்போவான். இது எங்கள் மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

அந்த வருஷம் மிளகு விற்கக் கீழே சந்தைக்குப் போன வெள்ளையன் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. அவன் தங்கை பொன்னியின் பிள்ளைகள் நாலு பேர் பந்தியில் இருந்தார்கள். நண்டு பாதிக் கடலில் இருக்கும்போது பொன்னி வந்து நாலு பேரையும் எழுப்பினாள். "கதைய ராவுல சொன்னா ஆகாதுங்களா? எங்கண்ணன் எந்தக் காட்டுல நிக்குதோ" என்றாள். அவள் சத்தம் போடவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் உறைத்தது. மறுநாள் நாற்பது பேருக்கு வடித்த சோற்றுக்கு மூன்று பேர் வந்தார்கள். அந்த மூன்று பேருக்கும் அம்மாவோடு கூடப்பிறந்த மாமன் கிடையாது.

திங்கட்கிழமை தலை எண்ண ஆபீசிலிருந்து ஆள் வருவதாகக் காகிதம் வந்திருந்தது. தலை குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பள்ளிக்கூடம் போனால் மத்தியானச் சோறும் போயிற்று. அது பஞ்ச காலம், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது, சில வீடுகளில் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் சோறு. இதையெல்லாம் வாத்தியார் ஊரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். கதை கேட்டால் வழி எப்படித் தப்பும் என்று ஒரு முகூர்த்த நேரம் என்னைத் திட்டிவிட்டு, குடையையும் ஒரு குடுவை காய்ச்சின தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மலையிறங்கினார். அவருக்கு வழி தெரியாது. ஆகவே நானும் போகவேண்டியிருந்தது.

வெள்ளையன் அடிவாரத்துக் கோயில் மண்டபத்தில் கிடந்தான். வாய்க்கால் தண்ணீரைக் குடித்து வயிற்றால் போய், பாதி ஆளாகியிருந்தான். இரண்டு நாள் அவனுக்கு உப்புக்கஞ்சி கொடுத்து, அழுக்குத்துணி கசக்கி, வாத்தியார் தன் வேட்டியைக் கிழித்துக் கொடுத்து, மூன்றாம் நாள் ஆளுக்கொரு தோளாகத் தாங்கி மேலே கொண்டுவந்தோம். குடை மட்டும் நான் தூக்கினேன் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள்.

ஊர் கூடியது. காரணம் தண்ணீர், கதை அல்ல என்று வாத்தியார் அரைத் தமிழில் விளக்கினார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். ம் கூடக் கொட்டினார்கள். முடிவில் ஊர்க்கவுண்டர் சொன்னார்: "வயித்தால போனது தண்ணியாலதானுங்க, ஒத்துக்கறோம். அந்தத் தண்ணிகிட்டப் போனது வழி தப்புனதாலதானுங்களே."

வாத்தியார் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். 

ஊர்க்கவுண்டர் இரக்கப்பட்டுத் தீர்ப்பும் சொன்னார். வெளியே போன மாமன்தானே வழி தப்புவான், கண் முன்னால் குந்தியிருக்கிற மாமன் எங்கே தொலைவான்? பந்தித் தலைப்பில் மலைக்கெல்லாம் பொதுவாக ஒரு மாமன் உட்கார்ந்து ம் கொட்டட்டும், அப்புறம் பகலில் எத்தனை கதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை நாற்பது தலையும் இருந்தன. எண்ண வந்தவர் பந்தித் தலைப்பில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார். மாமன் என்றார் வாத்தியார். வந்தவர் எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு கீழே இறங்குகிற ஆளுக்கெல்லாம் பெண்கள் காய்ச்சின தண்ணீர் கட்டிக்கொடுத்தார்கள். வழி தப்பினால் குடிக்க. வயிற்றுப்போக்கு குறைந்தது. "காரணம் தெற்று, காரியம் சரி" என்று வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். தெற்று என்றால் தப்பு.

ஒரு மழைநாளில் அவரிடம் கேட்டேன், இத்தனை எரிச்சலோடு இங்கே ஏன் இருக்கிறீர்கள், ஊருக்குப் போகக்கூடாதா என்று. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் பெங்ஙள் மக்கள் உண்டு சடையா. அவர்க்கு யாரோ பகல்ல கதை சொல்லியிருக்கும்." பெங்ஙள் என்றால் கூடப்பிறந்தவள். சிரித்தேன். அவர் சிரித்தாரா என்று புகையில் தெரியவில்லை. அப்புறமும் மூன்று வருஷம் இருந்தார். இளைப்பு அதிகமாகித்தான் ஊருக்குப் போனார். அந்தக் கார்டை எழுதியது அந்தக் கூடப்பிறந்தவள் பிள்ளைகளில் ஒருவர். மாமன் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார், அந்த மட்டுக்கும் சரி.

அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது, ஒட்ட வெட்டிய நகம், சீரகத் தண்ணீர், அந்த நண்டு. மறுபடியும் கழுவச் சொல்ல ஆள் இல்லாமலே இரண்டு தடவை கை கழுவுகிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ரைட்டர் கார்டைப் படித்த மறுநாள், பந்தியில் நண்டுக் கதையை நானே எழுந்து நின்று சொன்னேன். நாற்பது வாயும் மூடி ம் கொட்டின. பந்தித் தலைப்பில் மாமன் இடம் காலியாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். கூப்பிடு தூரம்தான், பிறந்ததிலிருந்து நடக்கிற தடம். கொஞ்சம் மூடுபனி இருந்தது. பொழுது சாயும்போது எங்கள் ஆலத்தூர் நாட்டையே தாண்டிக் குண்டனி நாட்டில் இருந்தேன். "ஏனுங்க, யாரு ஊட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்கள். உட்காரச் சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். காய்ச்சினதா என்றேன். இல்லீங்க என்றார்கள். அடுப்புப் பற்றவைத்தார்கள். கொதிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.