தொப்பிக்குக் கீழே ஒரு சந்தனப் பொட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அட்டைப் படத்தில் அண்ணனின் இடது புருவத்துக்கு மேலே கோணலாக ஒரு மஞ்சள் தீற்றல் தெரிகிறதே, அது அச்சகத்தாரின் பிழை அல்ல. எங்கள் அம்மா தன் கையால் வைத்த சந்தனப் பொட்டு. அது அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் அண்ணனின் வாழ்க்கையையே சொன்னதாகிவிடும். ஒரே தங்கை என்ற முறையில் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உறவுகள் அறிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கண்டி மலைப்பக்கம் பன்விலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா கொழுந்து லொறியின் சாரதி. அ, ஆ தெரிவதற்கு முன்பே எந்த வளைவில் எந்த கியர் என்று தன் மகனுக்குத் தெரியும் என்பார் அப்பா. பெருமைக்குச் சொன்ன பேச்சுத்தான். ஆனால் அண்ணனின் பள்ளிக்கூட மார்க்குகளைப் பார்த்தவர்கள் அதை உண்மை என்றே நம்பினார்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை முடித்துக்கொண்டு, அலவத்துகொடையைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், கண்டியில் நடத்திய கராஜில் வேலைக்குச் சேர்ந்தார்.

அது யுத்த காலம். ஒருநாள் டவுனில் ஆமிக்காரர்களின் சுற்றிவளைப்பு நடந்தது. அண்ணனிடம் அடையாள அட்டை இல்லை. அது அம்மா துவைப்பதற்கு ஊறப்போட்ட சட்டையின் பையில் கிடந்தது. அட்டை இல்லாத தமிழ் இளைஞர் என்பதால் முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். அம்மா நனைந்த அட்டையை அடுப்படியில் காயவைத்து எடுத்துக்கொண்டு ஓடினார். பிறகு வாரக்கணக்கில் அந்த முகாம் வாசலில் நின்றார். காலையில் சோற்றுப் பார்சலோடு போவார், பின்னேரம் அதே பார்சலோடு திரும்புவார். கால் கடுத்து மதிலோரம் குந்தினால், காவலுக்கு நின்றவர் “யன்ன, யன்ன” என்று போகச் சொல்லி விரட்டுவாராம். வீங்கிய பாதங்களுக்கு நான்தான் எண்ணெய் தேய்த்துவிடுவேன்.

கடைசியில் நானாவே நேரில் போய், “இவன் என் கராஜ் பொடியன், நான் பொறுப்பு” என்று பேசி அண்ணனை மீட்டுக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு அடிகூட விழவில்லை என்றார் அண்ணன். அம்மா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அன்றிலிருந்து பச்சைச் சட்டை போட்டவர்களைக் கண்டால் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அதன் பிறகு அண்ணன் இங்கே இருக்கவில்லை. எங்கெங்கோ சுற்றிக் கனடா போய்ச் சேர்ந்தார். ஹோட்டலில் கோப்பை கழுவினார், பனி வழித்தார், லொறி ஓட்டினார். யாழ்ப்பாணத்து அண்ணியைக் கல்யாணம் செய்தார். அந்த நாட்டுப் பிரஜையான பிறகு ஒருநாள் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த உரையாடலைப் பக்கத்திலிருந்து கேட்டவள் நான்.

“அம்மா, ஆமியில சேந்துட்டேன்.”

“எந்த ஆமியில?”

“கனடா ஆமிம்மா. லொறி ஓட்டுற வேலதான்.”

“எல்லா ஆமிக்கும் பச்சச் சட்டதானேப்பா,” என்றார் அம்மா. “ஒன்னப் புடிச்சிட்டுப் போனவங்க சட்டைய நீயே போட்டுக்கிட்டியா?”

அம்மா ரிசீவரை என் கையில் தந்துவிட்டு எழுந்து போனார்.

அண்ணன் தளபதியும் அல்ல, வீரப் பதக்கம் வாங்கியவரும் அல்ல. கோப்ரல் என்ற பதவியோடு ஓய்வு பெற்றவர். போக்குவரத்துப் பிரிவில் சோறும் தண்ணீரும் எரிபொருளும் ஏற்றிச் சென்றார். பனியில் கனரக வண்டி ஓட்டுவது கஷ்டமில்லையா என்று கேட்டேன். “மழைக்குப் பன்வில ரோட்டுல கொழுந்து லொறி எறக்குனவனுக்கு இதெல்லாம் ஒரு ரோடா?” என்றார். ஆப்கானிஸ்தானுக்கும் ஒருமுறை போய்வந்தார். அதைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. “தூசிம்மா, ஒரே தூசி” என்பதோடு முடித்துக்கொள்வார்.

நாங்கள் கட்டுகஸ்தோட்டைக்குக் குடிவந்த பிறகு, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சாரத்தோடுதான் இருப்பார். சீருடையில் எடுத்த ஒரு படத்தைக்கூட இந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. ஆனால் ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் கதிரையை இழுத்துப் போடுவார். தபால்காரர், மீன்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர் என்ற வித்தியாசமே கிடையாது. “ஒக்காருங்க, ஒக்காந்து பேசுங்க” என்பார். அவர்களுக்கு வெட்கமாகப் போய்விடும். ‘கதிரை மாமா’ என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அது அவருடைய கிறுக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

சென்ற வருடம் நோய் வந்தது. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. கடைசி நாட்களில் தினமும் போனில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “சாப்பிட்டியாம்மா?” என்று அவர்தான் கேட்பார். அங்கேயே கண்ணை மூடினார். இறுதிக் கிரியைகளை நாங்கள் போனில்தான் பார்த்தோம். பெட்டியைத் தூக்கச் சீருடைக்காரர்கள் வரிசையாக வந்தபோது, அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பெற்ற மகனின் கடைசிப் பயணத்தை ஒரு தாய் பார்க்காமலே இருந்துவிட்டார்.

இந்த முதலாம் ஆண்டு நினைவுக்காக அண்ணியும் மகளும் முன்கூட்டியே வந்து சேர்ந்தார்கள். மலரின் அட்டைக்கு எந்தப் படம் என்ற கேள்வி வந்தது. மகள் கொண்டுவந்தது சீருடைப் படம், தலையில் சரிந்த தொப்பியோடு.

“அத்தை, அப்பா சிரிச்சுக்கொண்டு நிக்கிற ஒரே படம் இதுதான். இதுதான் என்ட அப்பா,” என்றாள்.

அம்மா அதைத் தொடவில்லை. “எம்மவன் அந்தச் சட்டையோட எங்கிட்ட வரக்கூடாது,” என்றார்.

“மாமிக்கு விருப்பமில்லையெண்டா விடுவம்,” என்றார் அண்ணி. மகள் அழுதாள். தகப்பனின் பாதி வாழ்க்கையை வெட்டி எறியச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் அழாது? அம்மாவிடம் நான் சண்டைகூடப் போட்டேன். பயனில்லை. அச்சகத்துக்குக் கொடுக்காமல் நாட்கள் போயின.

அப்போதுதான் ஸ்டீவ் வந்தார். ஆப்கானிஸ்தானில் அண்ணனோடு ஒரே முகாமில் இருந்தவர். நினைவு நாளுக்கென்றே கனடாவிலிருந்து வந்திருந்தார். அவர் வாசலில் ஏறியதும் என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஏன் அந்தத் தம்பி ஒக்காராம நிக்குது?” என்று அம்மா கேட்டார். ஸ்டீவ் சொன்னதை அண்ணன் மகள் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து தமிழில் சொன்னாள்.

அந்த முகாமில் சாரதிகளும் முறை வைத்து வாசல் காவலுக்கு நிற்க வேண்டுமாம். பிடிபட்ட பிள்ளைகளைத் தேடிக்கொண்டு ஊர்ப் பெண்கள் வருவார்களாம். அண்ணனின் முறை வரும்போது மட்டும் அங்கே ஒரு மடக்குக் கதிரை இருக்குமாம். ஒரு தாயை அதில் உட்காரவைத்துத் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். பாதுகாப்புக்கு ஆகாது என்று அதிகாரி ஏசி, கதிரையை எடுப்பித்திருக்கிறார். அண்ணனின் அடுத்த முறையில் கதிரை மறுபடி அங்கே இருந்ததாம். ஏன் இப்படிப் பிடிவாதம் என்று ஸ்டீவ் கேட்டதற்கு, “என் அம்மாவுக்கு யாரும் போடவில்லை” என்று மட்டும் சொன்னாராம்.

அம்மா ஸ்டீவைப் பார்த்துக் கேட்டார்.

“அந்தம்மாவுக்கு மகன் கெடச்சானா?”

மகள் கேட்டுச் சொன்னாள். “தெரியாதாம் அப்பாயி.”

அம்மா தன் பாதங்களைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, “அந்தப் போட்டோவ எடுத்தா,” என்றார்.

மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். சட்டையைப் பார்த்தார், பொத்தான்களைத் தடவினார். சந்தனம் குழைத்துக் கொண்டுவரச் சொன்னார். இறந்தவரின் படத்துக்குப் பொட்டு வைக்காமல் விளக்கேற்றும் வழக்கம் எங்களுக்கு இல்லை. கனடாவில் எடுத்த படத்துக்கு அதெல்லாம் தெரியுமா? தொப்பி நெற்றியை முக்கால்வாசி மறைத்திருந்தது.

“நெத்திய மறச்சுக்கிட்டு நிக்கிறான். எங்கிட்டு வைக்கிறது?” என்றார் அம்மா. தேடி, தொப்பி ஒருபக்கமாகச் சரிந்ததில் இடது புருவத்துக்கு மேலே கிடைத்த சின்ன இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். அப்போதுதான் அழுதார். மகன் போனதற்காக அவர் வாய்விட்டு அழுதது அதுவே முதல் தடவை.

கம்பியூட்டரில் பொட்டை நடுவுக்குக் கொண்டுவந்து அழகாக்கித் தருவதாக அச்சகத்துத் தம்பி சொன்னார். “வேணாம்பா. நான் வச்ச எடத்துலயே இருக்கட்டும்,” என்றார் அம்மா. அப்படியேதான் அச்சாகியிருக்கிறது.

அண்ணனைத் தோளில் சுமந்த அவருடைய தோழர்களுக்கும், கனடாவில் அவரைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், பூசைகளை முன்நின்று நடத்தும் ஐயருக்கும், பன்விலையிலிருந்து பஸ் பிடித்து வந்து பந்தல் போட்ட தோட்டத்துச் சனத்துக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். சாவுச் செய்தி வந்ததும், தள்ளாத வயதிலும் தன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, “பொடியன் எனக்கும் புள்ளதான்” என்று அம்மாவின் பக்கத்தில் அமர்ந்த நானாவுக்கு என்ன சொல்வது? யுத்த காலத்தில் அவர் அந்த முகாமுக்குப் போயிருக்காவிட்டால் இந்த மலருக்கு எழுத ஒரு வாழ்க்கையே இருந்திருக்காது.

கடைசியாக அம்மாவின் கட்டளை ஒன்று. பந்தலுக்குள் மட்டுமல்ல, வெளியே கேற்றடியிலும் கதிரைகள் போடச் சொல்லியிருக்கிறார். தெரிந்தவர், தெரியாதவர், சும்மா வழியால் போகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் வாசலில் நிற்க வேண்டாம். உட்காருங்கள்.