குக்கருக்கு வகுப்பெடுத்தவள்

பாரிஸின் லா சப்பலில் நான் மூட்டை தூக்கும் பலசரக்குக் கடையில், வான் ஓட்டுகிற அண்ணை ஓய்வு பெறப்போகிறார். பெர்மி, அதாவது வாகனம் ஓட்டும் அனுமதிப் பத்திரம், எடுத்தால் அந்த இடம் எனக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். எடுக்காவிட்டால் அரிசி மூட்டையும் என் இடுப்பும் கடைசிவரை ஒன்றாக வாழவேண்டியதுதான்.

பெர்மிக்கு முதலில் ‘கோட்’ என்கிற வீதிச் சட்டப் பரீட்சையில் தேறவேண்டும். ஊர் ரியூசனில் பழகிய வித்தையைத்தான் நம்பினேன். பழைய கேள்விகளைப் பாடமாக்கினேன். மழையில் சிவப்புக் கார் வந்தால் விடை ‘பி’. பரீட்சையில் மழை வந்தது, கார் நீலம். எனக்கு வியர்த்த வியர்வைக்கு வைப்பர் போட்டிருக்க வேண்டும். இரண்டு தரம் தோற்றேன்.

என்னோடு சேர்ந்து படித்த மனைவி முதல் தரமே பாஸ். ஒரு பக்கத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைப்பாள். பிறகு அடுப்பில் இருக்கும் குக்கருக்கு அதை விளங்கப்படுத்துவாள். சொல்லும்போது தடக்கினால்தான் மறுபடி திறப்பாள். பைத்தியம் என்று நினைத்திருந்தேன். தோற்ற பிறகுதான் குக்கர் மீது பொறாமை வந்தது.

நாங்கள் இருக்கும் பியர்ஃபித்திலிருந்து வரும் பஸ்ஸில், சாரதிக்குப் பின்னால் என்னை இருத்தினாள்.

“இப்ப நீங்கள்தான் ஓடுறியள். சந்தி வருது, என்ன செய்வியள்?”

“அவர் செய்யிறதைச் செய்வன்.”

“அவர் பாஸ் பண்ணினவரப்பா. நீங்கள் ஏனெண்டு சொல்லுங்கோ.”

நான் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, வலப்பக்கத்தால் வந்த காருக்கு வழிவிட்டு பஸ் நின்றது. என் கணக்கில் அந்தக் கார் நொறுங்கியிருந்தது. அவளுக்கோ சந்தோஷம்.

“நல்லம். எங்கை ஓட்டையெண்டு தெரிஞ்சிட்டுது.”

அதே கேள்வியை உடனே திருப்பிக் கேட்கமாட்டாள். நான் மறக்கப்போகிற நேரம் பார்த்து, மீன் வாங்கும் வரிசையில் கேட்பாள். இந்தக் கெட்டித்தனத்தை எந்த வகுப்பிலும் நான் கண்டதில்லை.

மூன்றாம் தரம் பரீட்சைத் திரையில் ஒரு படமும் முன்பு பார்த்தது இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று சொல்ல முடிந்தது. மறுநாள், முருங்கைக்காய்ப் பெட்டி இறக்கும்போது முடிவு வந்தது. பாஸ். உடனே அவளுக்குப் போன் அடித்தேன்.

“சந்தோஷம். எதில பிழை விட்டனீங்கள்?”

“கார் பார்க்கிங்கிலை.”

“அப்ப வரேக்க வழியில நிக்கிற காரெல்லாத்தையும் பாத்துக்கொண்டு வாங்கோ. எது பிழையா நிக்குதெண்டு வந்து சொல்லோணும்.”

அன்று மாலை ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு பிரெஞ்சுக்காரர் சாவியைக் கையில் பிடித்தபடி என்னையே உற்றுப் பார்த்தார். ‘பொன்ஸுவா’ என்று மாலை வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனேன்.