நான் கண்ட பிறை

எங்கள் ஊரில் பிறை பார்க்க யாரும் கடற்கரைக்குப் போவதில்லை. கடல் கிழக்கே கிடக்கிறது. பிறை தெரிவது மேற்கே. அதனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற வாய்க்கால் கட்டுக்குத்தான் ஊர் திரண்டு போகும். நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் பின்னேரம், பேரீச்சம்பழத்தை மடியில் முடிந்துகொண்டு எல்லாரும் அங்கே நிற்பார்கள். பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு.

எனக்கு அந்தப் பின்னேரத்தை நினைத்தாலே எரிச்சல் வரும். எல்லாருக்கும் பிறை தெரியும், எனக்குத் தெரியாது. அதோடு விட்டார்களா? என் தோளைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தோடு கன்னம் வைத்து, கையை நீட்டி, அந்தத் தென்னை வட்டுக்கு மேலே, என் விரலுக்கு நேரே பாருங்கள் மாஸ்டர் என்பார்கள். அந்த மங்கல் வெளிச்சத்தில் விரலே எனக்குப் புகையாகத்தான் தெரியும். விரலுக்கு நேரே நான் எதைப் பார்ப்பது? தெரியவில்லை என்று சொல்வேன். என்னமோ நான் வேண்டுமென்றே பார்க்க மறுப்பது போல, அதே விரலை இன்னும் பலமாக நீட்டுவார்கள்.

எனக்குப் பிறவியிலேயே கிட்டப்பார்வை. மரம் என்றால் ஒரு பச்சைக் குவியல், மனிதர் என்றால் வந்து பேசிய பிறகுதான் யார் என்று தெரியும். உலகமே எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவன் நான். அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான், கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவனின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன் என்று பிடிபட்டேன். கொழும்புக்கு அனுப்பினார்கள். சோடாப் போத்தலின் அடியை அறுத்து ஒட்டினது போல ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாக ஆடுவதைக் கண்டு தெருவிலேயே நின்றுவிட்டேன். பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்குப் போத்தல் மாஸ்டர் என்று பேர் வைத்தார்கள். நல்ல பேர்தான், கோபிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியாலும் பிறை மட்டும் பிடிபடவில்லை. நூல் போல மெல்லிய அந்தக் கோடு என் கண்ணுக்கு எட்டவேயில்லை.

கண்ணாடி எழுதித் தந்த டாக்டர் ஒரு எச்சரிக்கையும் தந்திருந்தார். என்னை இருட்டறையில் இருத்தி, நெடுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, என்னுடையது நீண்டு வளர்ந்த கண் என்றார். கண் நீள நீள, உள்ளே ஒட்டியிருக்கிற சவ்வு இழுபட்டு மெல்லிசாகிவிடுமாம். ஒருநாள் அது கிழியலாம், கழன்றும் விழலாம். கழன்றுவிட்டால் எந்தக் கண்ணாடி போட்டாலும் பார்வை இல்லை.

"கண்ணுக்குள்ள மின்னல் அடிச்சா ஒரு நாளும் தாமதிக்க வேணாம் மாஸ்டர்," என்றார். "அடுத்த ரயிலிலயே வந்திடுங்க."

அன்றிலிருந்து எனக்கு மின்னல் என்றால் பயம். கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டுக்குக் குடி வந்த பிறகு, மாரி காலத்தில் என் மனைவியைப் படாதபாடு படுத்தினேன். வானம் ஒரு தடவை வெட்டினாலும், உனக்கும் மின்னியதா என்று கேட்பேன். அவள் ஓம் என்றால்தான் எனக்கு மூச்சு வரும். சமையலில் இருந்தாலும் தலையை வெளியே நீட்டி ஓம் என்பாள். மாமிக்கு விஷயம் தெரியாது. இடிக்குப் பயப்படுகிற மாப்பிள்ளையை எடுத்துவிட்டோமே என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிக்கட்டும் என்று இருந்தேன். என் கண் என் கவலை.

அந்த வருஷத்து நோன்பு மாரியில் இல்லை, நல்ல கோடையில் வந்தது. இருபத்தொன்பதாம் நாள் மச்சான், அதாவது மனைவியின் தமையன், என்னை விடாமல் வாய்க்கால் கட்டுக்கு இழுத்துப் போனான். நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, கட்டின் மேல் வரிசையாக நின்றோம். மேற்கே மேகம் கொஞ்சம் மூடியிருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முதல்முறையாக எனக்கும் ஊருக்கும் ஒரே பார்வை என்று உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம்.

இருட்டுப்படத் தொடங்கியது. கூட்டம் கலையப் போனது. நான் சும்மா ஒரு தடவை வலது பக்கம் கண்ணைத் திருப்பினேன்.

பிறை தெரிந்தது.

வெள்ளையாக, கூர்மையாக, வளைந்து, மேகத்தின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு கணம் நின்று மறைந்தது. மறுபடி பார்த்தேன். மறுபடி தெரிந்தது. ஆயுளில் நான் காணாத பொருள், கலண்டர் படத்தில் மட்டும் கண்ட பொருள், ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிகிறது. "அந்தா பிறை!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. இந்தமுறை நான் விரலை நீட்டினேன். மற்றவர்கள் என் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தேடினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மச்சான் என்னைத் தூக்காத குறையாகப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போனான். சின்னதுகள் முன்னால் ஓடி, மாஸ்டர் பிறை கண்டுவிட்டார் என்று தெருவெல்லாம் கத்திவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் சேதி போய், மாமி மாவுக்கு அரிசி நனையப் போட்டுவிட்டாராம். மனைவி மருதோண்டி அரைத்து உள்ளங்கையில் அப்பிவிட்டாளாம்.

பிறை கண்டேன் என்று ஒருவர் வந்தால் பள்ளியில் சும்மா ஏற்கமாட்டார்கள். மரைக்கார்மார், அதுதான் பள்ளி நிர்வாகிகள், சுற்றி இருப்பார்கள். மார்க்கம் படித்த ஆலிம்சா நடுவில் இருந்து விசாரிப்பார். பெருநாளுக்கு இன்னொரு சாட்சியும் வேண்டும். ஊர் முழுவதும் நோன்பை விடுவதா பிடிப்பதா என்பது சாட்சி சொல்கிறவரின் வாயில் தொங்குகிற விஷயம். பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் என்னை இருத்தினார்கள். எனக்குத் துளியும் பயமில்லை. கண்டதைச் சொல்ல என்ன பயம்?

எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்று ஆலிம்சா நிதானமாகக் கேட்டார். சொன்னேன். பிறகு, அது எப்படி இருந்தது என்று கேட்டார். நேராக நிமிர்ந்து நின்றது என்று, கலண்டரில் இருப்பது போலவே கையால் வளைத்துக் காட்டினேன். மரைக்கார்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கட ஊர்ல தலைப்பிறை நிக்காது மாஸ்டர்," என்றார் ஆலிம்சா. "தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும்."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. வாழ்நாளெல்லாம் தெரியவில்லை என்று சொன்னபோது நம்பாதவர்கள், தெரிகிறது என்று சொல்லும்போதும் நம்பவில்லையே என்று. ஏதோ சொல்லத் தலையைத் திருப்பினேன். ஆலிம்சாவின் தோளுக்குப் பின்னால், சுண்ணாம்பு அடித்த சுவரின் ஓரத்தில், பிறை பளிச்சென்று நின்று மறைந்தது.



இன்னொரு தடவை, மெதுவாக, கண்ணை மட்டும் திருப்பினேன். சுவரில் பிறை. தூணைப் பார்த்தேன். தூணிலும் பிறை. அல்லாஹ்வே, இது என்ன என்று மனம் கேட்டது. ஆனால் அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் மின்னல் என்றார். நான் மின்னலுக்காகக் காத்திருந்தேன். வானத்தில் வெட்டுகிற மின்னலை எல்லாம் மனைவியிடம் கேட்டுக் கேட்டு எண்ணி வைத்தேன். அது பிறையாக வருமென்று யார் சொன்னார்கள்?

"இப்பவும் தெரியுது," என்றேன் ஆலிம்சாவிடம். என் குரல் எனக்குத் தூரத்தில் கேட்டது. "உங்கட சுவருலயும் தெரியுது."

ஆலிம்சா எழுந்து வந்து என் தலையில் கையை வைத்தார். நாளைக்கும் நோன்புதான் என்று மரைக்கார்மாரிடம் சொல்லிவிட்டு, மச்சானிடம் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். வெளியே வந்து கிழக்கே, கடல் பக்கம் பார்த்தேன். அங்கேயும் நின்றது. நடுத்தெருவில் நின்று கண்ணை இறுக்கி மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளே, அந்த இருட்டில், அது இன்னும் பிரகாசமாகத் தெரிந்தது. மச்சான் என் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் நடத்தினான்.

வீட்டு வளவு வாசலில் மனைவி கையெல்லாம் மருதோண்டியோடு சிரித்துக்கொண்டு நின்றாள். நான் பிறை கண்ட பெருமை அவளுக்கு. பழக்கத்தில் வந்ததையே கேட்டேன்.

"உனக்கும் மின்னினதா?"

அவள் வானத்தைப் பார்த்தாள். "மழையே இல்லையே. எங்க மின்னின?" என்றவள் என் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டாள். கையில் இருந்த மருதோண்டியை என் சட்டையில் தேய்த்துவிட்டு, உள்ளே ஓடிப் பெட்டியை எடுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாள். அழுதுகொண்டேதான் அடுக்கினாள். மாமி நனைத்த அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் முழித்தார். மாமிக்கு அன்றுதான் எல்லாம் சொன்னோம்.

காலையில் மட்டக்களப்புக்குப் பஸ், அங்கிருந்து ரயில். போகும் வழியில் வலது கண்ணில் கீழேயிருந்து ஒரு கறுப்பு ஏறியது. ஆற்று வெள்ளம் வளவுக்குள் ஏறுவது போல, சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன், முதலில் முன்னால் இருந்தவரின் கால் போனது, பிறகு அவருடைய மடியில் இருந்த கூடை போனது. கொழும்பில் இறங்கும்போது தலைகள் மட்டும் மிச்சம். வலது கண்தான் என் நல்ல கண். அதால்தான் நான் வாசித்தது, எழுதியது எல்லாம். நான் வாய்விட்டு அலறியிருக்க வேண்டும். ஆனால் மரத்துப் போய், அடுத்தது எது போகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெருநாள் அன்று கண்ணாஸ்பத்திரியில் என் கண்ணை வெட்டினார்கள். பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருபக்கமும் மணல் மூட்டை வைத்து, மல்லாக்கப் படுக்கப் போட்டுவிட்டார்கள். எழும்பக்கூடாது, குனியக்கூடாது, தும்மினாலும் ஆபத்து. தொழுகையை என்ன செய்வது? நிற்க முடியாதவன் இருந்து தொழலாம், இருக்க முடியாதவன் படுத்துத் தொழலாம், படுத்தவன் கண்ணால் சாடை காட்டலாம் என்று ஓதியிருக்கிறேன். கட்டுக்குள்ளே கண்ணை அசைத்தேன். அசைக்கவே கூடாது என்று தாதி வந்து கத்தினார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ. கடைசியில் மனதால் மட்டும் தொழுதேன். அப்படி அழுது தொழுததும் இல்லை, அப்படிச் சண்டை பிடித்துத் தொழுததும் இல்லை. பார்வையாளர் நேரத்தில் மனைவி வந்து பக்கத்தில் இருப்பாள். கதைக்கமாட்டாள். மருதோண்டி வாசத்தை வைத்துத்தான் அவள் வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் விரலைக் காட்டினார். இடது கண்ணால் கண்டேன். வலது கண்ணால் ஒன்றும் காணவில்லை. சவ்வு ஒட்டவில்லை என்றார். மன்னியுங்கள் என்றும் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இடது கண் எப்படி என்று கேட்டேன். அவர் அந்தக் கண்ணுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"அதுவும் அதே மாதிரிக் கண்தான் மாஸ்டர்," என்றார் கடைசியில். "மின்னினா உடனே வாங்க."

வீட்டுக்கு வந்தோம். பழையபடி பள்ளிக்கூடம், பழையபடி கரும்பலகை. வலது பக்கம் வருகிறவர்கள் மேல் முட்டிக்கொள்வேன், திட்டு வாங்குவேன், திருப்பித் திட்டுவேன். அடுத்த நோன்பு வந்தது. இருபத்தொன்பதாம் நாள் நானாகவே மச்சானோடு வாய்க்கால் கட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. என்னைக் கண்டதும் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. யாரும் என் தோளைப் பிடித்துத் திருப்பவில்லை, விரலை நீட்டவில்லை. அது எனக்கு முன்னையதை விடக் கசந்தது.

அன்று வானம் வெளித்திருந்தது. பிறை தெரிந்துவிட்டது. எல்லாரும் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். மச்சான் சந்தோஷத்தில் என்னை மறந்து மேற்கே கையைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் பிறையைத் தேடவில்லை. இருக்கிற ஒரு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, உள்ளே மெதுவாக இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் இருட்டு. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பக்கத்தில் நின்றவர், மாஸ்டருக்கும் பிறை தெரிந்துவிட்டது என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துப் பெருநாள் வாழ்த்துச் சொன்னார்.