மல்லாந்து நீந்தும் பூச்சி

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். படிப்பு பாதியில் நின்றுவிடும் என்று பயந்து, மறுத்துவிடுவதாக முடிவு செய்திருந்தேன்.

கல்லூரிப் பிராக்டிகலுக்காக, செவிலிமேட்டுக் குட்டையில் பிடித்த நீர்ப்பூச்சிகளை இரண்டு பாட்டில்களில் ஜன்னலோரம் வைத்திருந்தேன்.

“இன்னாம்மா, வீட்ல பூச்சி வளக்கறீங்களா?” என்று மாப்பிள்ளையின் தாயார் முகம் சுளித்தார். என் அம்மா தலைகுனிந்தாள்.

மாப்பிள்ளை எழுந்து வந்து பார்த்தார். “ரெண்டும் ஒரே பூச்சிதானே?”

“இல்லீங்க. இது குப்புற நீந்தும், கடிக்காது. அது மல்லாந்து நீந்தும், கடிக்கும்.”

அவர் இரண்டாவது பாட்டிலில் விரலை விட்டுவிட்டார். மறுகணம் வெடுக்கென்று இழுத்து உதறினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“கடிக்கும்னு சொன்னேனே!”

“நீங்க சொல்றது சரியான்னு பாத்தேன்” என்றார். “சரிதான்.”

“இன்னாப்பா ஆச்சு?” என்றார் தாயார்.

“ஒண்ணும் இல்லம்மா” என்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும், படிப்பு முடிந்த பிறகு என்றால் சம்மதம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர்களும் காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள்.

நான் படிப்பதைப் பெருமையாகப் பேசியவர்கள் எங்கள் வீட்டில் நிறைய. என்ன படிக்கிறேன் என்று கிட்டே வந்து பார்த்தவர் அதுவரை யாரும் இல்லை.