தூணுக்கு மூன்று எண்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் எண்பதுகளில் சிங்கப்பூரின் தேக்கா பக்கம், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளுக்குச் சாயம் அடித்தவர்களில் என் அளவுக்கு மூளை வேலை செய்தவன் கிடையாது. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

ஒரு முதலாளிக்கு வரிசையாக ஆறு கடைவீடுகள். மஞ்சள், பச்சை, நீலம் எது வேண்டுமானாலும் அடிக்கலாம். அடுத்தடுத்த வீடுகள் மட்டும் ஒரே நிறமாக இருக்கக்கூடாது. தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"அதுக்குள்ள முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளப் பாக்கறேன். பின்னால இருக்கற என்னோட இன்னொரு வரிசையும் அந்த ஆளுக்குத்தான்" என்றார் முதலாளி.

ஒரு வீட்டு முகப்புக்கு ஒரு பூச்சு அடிக்க எனக்கும் என் கூட்டாளிக்கும் ஒரு முழு நாள். பழைய சாயத்தைப் பொறுத்து, ஒரு நிறத்துக்கு ஒரே பூச்சு போதும், இன்னொன்றுக்கு நாலு வேண்டும். கூட்டாளி ஒவ்வொரு வீட்டிலும் எது குறைவோ அதைப் பிடித்துக்கொண்டே போய்க் கூட்டினான். பதின்மூன்று நாள்.

"ஒரு நாள் இடிக்குதுண்ணே. விட்ருவோம் லா."

எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் வீட்டுக்கு மஞ்சள் ஒரு பூச்சு, பச்சை இரண்டு. அவன் மஞ்சளைப் பிடித்தான். இரண்டாம் வீட்டுக்கும் மஞ்சள் ஒன்றுதான். ஆனால் பக்கத்தில் மஞ்சள் இருக்கிறதே! நீலமும் குறைவில்லை என்று, நாலு பூச்சு கேட்கும் பச்சைக்குப் போனான். ஆக ஐந்து. முதலில் பச்சை அடித்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்து மூன்றே. முதலில் மிச்சம் பிடித்தது பிறகு எப்படிக் கூடுகிறது?

சுண்ணக்கட்டியை எடுத்தேன். ஒவ்வொரு வீட்டுத் தூணிலும் மூன்று எண் எழுதினேன்: இந்த வீடு மஞ்சளானால் இதுவரை குறைந்தது எத்தனை நாள், பச்சையானால் எத்தனை, நீலமானால் எத்தனை. மஞ்சளுக்கு, முந்தின தூணின் பச்சை, நீலம் இரண்டில் சின்ன எண்ணோடு இந்த வீட்டுப் பூச்சைக் கூட்ட வேண்டும். மற்றதும் அப்படியே.

நாலாம் தூணில் மலைத்து நின்றுவிட்டேன். அதுவரை கடந்த வீடுகளை நினைவில் வைக்கவே வேண்டாம். பக்கத்துத் தூணின் மூன்று எண் போதும். அறுபது வீடு இருந்தாலும் இப்படித்தானே?

"என்னண்ணே, லாட்டரி நம்பரா? நாளைக்கு விழுமா லா?"

"போய் பிரஷ்ஷ கழுவுடா."

கடைசித் தூணில் பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு. பதினொன்று மஞ்சளுக்கு. அந்த எண் எதிலிருந்து வந்தது என்று தூண் தூணாகத் திரும்பி நடந்தேன். ஆறு வீட்டுக்கும் நிறம் கிடைத்துவிட்டது. வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஒரு நாளை மழை விழுங்கிவிட்டது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் முதலாளி வந்து கடைசி வீட்டுச் சுவரைத் தொட்டார். விரல் மஞ்சளானது.

"இன்னும் ஈரமா இருக்கே?"

"ஈரம் காயும் முதலாளி. நாள் முடியலையே!"

விரலைக் கைக்குட்டையில் துடைத்தபடி, பின்வரிசையைப் பார்க்க வரும்படி என்னைக் கூப்பிட்டார்.