அண்ணன் தோளும் பொட்டாசியக் கதவும்

சுகந்தி பிடித்தால் பிடித்த பிடிதான். தென்காசிப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் நாங்கள் இருவரும் பாடம் நடத்துகிறோம். நான் நாலு மணிக்குப் பையைத் தூக்குகிறவள். அவள் வாட்ச்மேன் வந்து விரட்டும்வரை படிக்கிறவள். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது அண்ணன் இசக்கி, புளியறையில் புரோட்டா மாஸ்டர். குற்றால சீசனில் அந்தக் கடையின் கல் ஆறவே ஆறாது. மாவை வீசி வீசியே அவருக்கு வலது தோள் போய்விட்டது.

அவளுடைய ஆராய்ச்சியும் வலியைப் பற்றியதுதான். நரம்பு நுனியில் பொட்டாசியம் வெளியேறச் சிறு கதவுகள் உண்டு. அவை திறந்தால் நரம்பு அடங்கும். வலிச் செய்தி மூளைக்குப் புறப்படாது. டைக்ளோஃபெனாக் மாதிரி சில மருந்துகள் வலிக்கிற இடத்திலேயே இந்தக் கதவைத் திறப்பதாக எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் கதவு சாத்திக்கொள்ளும், மருந்தும் கேட்காது.

இசக்கி அண்ணாச்சி தன் சர்க்கரைக்குச் சாப்பிட்டு வந்ததும் அதே மாத்திரைதான். தோளில் டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தேய்த்துத் தேய்த்தும் பலனில்லை. உன் மாத்திரைதான் ஜெல்லை வேலை செய்ய விடவில்லையோ என்னவோ என்று ஒருநாள் சுகந்தி வாயை விட்டாள். மனிதர்களிடம் இது நிரூபணமாகவில்லை என்றும் சொல்லத்தான் செய்தாள். அதை அவர் காதில் வாங்கவில்லை.

கொஞ்ச நாளில், டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிவிட்டேன், தோளில் வலியே இல்லை என்றார். சுகந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்டு எழுத உட்கார்ந்துவிட்டாள்.

அவள் எழுதி முடிக்கும் முன்பே அண்ணாச்சி புரோட்டாக் கடையில் தலைசுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சர்க்கரை எகிறியிருந்தது. மாத்திரையை அவர் மாற்றவே இல்லை, யாரிடமும் கேட்காமல் நிறுத்தியிருக்கிறார். கல்லில் சுட்டுக்கொண்ட விரல் பழுத்திருந்தது. ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். விரல் போனால் அப்புறம் மாவு எங்கே வீசுவது?

சுகந்தி கட்டிலருகே நின்று கேட்டாள். "தோளாவது நெசமாவே நல்லாச்சா அண்ணே?"

அவர் சுவரைப் பார்த்தார். "இல்லட்டி. அப்படியேதான் இருக்கு. நீ ராப்பகலாப் படிச்சது பொய்யாப் போயிரக் கூடாதுல்லா."

அவள் வெளியே போய் அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு வார்த்தை கேட்டேன். கேட்டுவிட்டு அவருக்குக் கஞ்சி வாங்கிவரப் போனேன்.

மறுநாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதியதை முதலிலிருந்து மாற்றினாள். யாருக்கு எந்த மாத்திரை என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியக் கூடாது, வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறவருக்கும் தெரியக் கூடாது. நாங்கள் வருஷா வருஷம் பாடமாக நடத்துகிற விதிதான். பிரியம் உள்ளவர்கள் வலியை மறைப்பார்கள், அதற்குத்தான் இந்த விதி என்று இப்போது வகுப்பில் சொல்கிறாள். அனுமதி ஒருமுறை மறுக்கப்பட்டது. திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறாள். மறுத்தால் மறுபடியும் எழுதுவாளாம்.

ஆஸ்பத்திரியில் அண்ணாச்சிக்கு டாக்டர் சர்க்கரைக்கு வேறு வகை மாத்திரை கொடுத்தார். விரல் தப்பியது. வீட்டுக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் வைத்து, தோள் எப்படி இருக்கிறது என்று சுகந்தி கேட்டாள். தேவலை என்று சொல்ல வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்கத்தான் செய்யுதுட்டி."

"அப்படிச் சொல்லு" என்று அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.