கணக்கில் கூடிய துவாய்

பேய்க்கதை தொடங்கினாலே எழுந்து போகிற ஆள் நான். பிரேத அறைக்குப் பக்கத்து அறையில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறேன், செத்தவர்களைத் துடைத்து வெள்ளை போர்த்திவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறேன். திருகோணமலையில் தாதியாக வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும், நம்பாவிட்டால் போங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

பாண் ரொட்டிக்குக்கூட வரிசையில் நின்ற தட்டுப்பாட்டுக் காலம் அது. நோன்பு மாதம். மூதூரில் இருந்து இஸ்மாயில் என்ற மீன்பிடிகாரனைக் காலை லோஞ்சில், கடல் தாண்டி வரும் மோட்டார் படகில், ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முதல்நாள் பகல் முழுக்க நோன்பிருந்துவிட்டு, நோன்பு திறந்த பசியில் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறான், இரவோடு இரவாகச் சிறுகுடல் முறுக்கிக்கொண்டுவிட்டது. நோன்பு மாதத்தில் இது எங்களுக்குப் புதிதில்லை. முறுக்கிய குடலுக்கு இரத்தம் போகாது, இரத்தம் போகாத குடல் அழுகும், பிறகு ஆள் இல்லை. கூட வந்த அண்ணன் நூறுதீன் கும்பிடாத குறையாக என் முன்னால் நின்றார்.

"மிஸ்ஸி, என்ட தம்பிக்கு எல்லாம் சின்னப் புள்ளைகள். எப்படியாவது காப்பாத்தித் தாங்க."

டாக்டர் வயிற்றைத் திறந்தார். குடல் கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. டாக்டர் முறுக்கை மெல்ல அவிழ்த்துவிட்டார், ஆனால் நிறம் மாறவில்லை. இனி ஒன்றுதான் செய்யலாம். சூடான உப்புநீரில் நனைத்த துணித் துவாய்களைக் குடல்மேல் மாற்றி மாற்றிப் போட்டு, இரத்தம் திரும்புகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஒத்தடம்தான், வேறென்ன. திரும்பாவிட்டால் குடல் முழுவதையும் வெட்ட வேண்டும், வெட்டினால் அவன் எதை வைத்து வாழ்வது?

அந்த நேரம் பார்த்து மழை கொட்டி, கரண்ட் போனது. பகல்தான், ஆனால் ஜன்னல் இருண்டுவிட்டது. மயக்கம் கொடுக்கும் டாக்டர் ஒரு கையால் டோர்ச் பிடித்தார். என் முதுகுக்குப் பின்னால் இருந்த அறையில்தான் மண்ணெண்ணெய் அடுப்பில் உப்புநீர் சூடாகும். உதவிக்கு நின்ற பூரணம் அங்கிருந்து துவாயை இடுக்கியால் தூக்கி என் கையில் போடுவாள். நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. கையைப் பின்னால் நீட்டுவோம், வரும். அது பழக்கம்.

அன்றும் நீட்டினேன், வந்தது. பிழிந்து போட்டேன். மறுபடி நீட்டினேன், அதுவும் வந்தது. அடுத்ததைத் தரும்போது ஒரு விரல் என் விரலில் பட்டது. இடுக்கி எங்கே? கொதிக்கிற துணியைத் தந்த அந்த விரல், கையுறைக்கு மேலாகவே ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு நாளென்றால் கை பட்ட துணியைத் தூக்கி எறிந்திருப்பேன், அன்று அதற்கு நேரமில்லை. முடியட்டும், பூரணத்துக்கு நல்ல ஏச்சு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குடல்மேல் போட்டேன்.

அப்போது எனக்கு நேரே இருந்த கதவு திறந்தது. பூரணம் நின்றாள், தலையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்ட, கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு.

"அடுப்பு எண்ணெய் முடிஞ்சு அப்பவே நூந்து போச்சு மிஸ்ஸி. எண்ணெய் எடுக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனான். தண்ணி ஆறியிருக்குமே, என்ன செய்தனீங்கள்?"

அவள் போகும்போது சொன்னது மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மிஸ்ஸி, இஞ்ச பாருங்கோ" என்றார் டாக்டர். துணியைத் தூக்கிப் பிடித்திருந்தார். கத்தரிக்காய் நிறம் போய், குடல் சிவந்துகொண்டு வந்தது. ஆள் பிழைத்துவிட்டான் என்று சந்தோஷப்படக்கூட முடியாமல் பயந்துபோய் நின்றேன்.

வயிற்றை மூடுமுன் துவாய்களை எண்ணுவது கட்டாயம். ஒன்று குறைந்தால் வயிற்றுக்குள் தேடுவோம். அன்று ஒன்று கூடுதலாக இருந்தது.

"எண்ணத் தெரியாதோ உங்களுக்கு?" என்று டாக்டர் சினந்தார். திரும்ப எண்ணினேன், அதே கணக்குத்தான். எங்கள் துவாய்க்கு நாலு பக்கமும் தையல் இருக்கும். கூடிப்போன துண்டில் தையலே இல்லை. யாரோ கையால் கிழித்த புது வெள்ளைத் துணி.

வெளியே போய்த் தம்பி தப்பிவிட்டான் என்று சொன்னதும் நூறுதீன் குழந்தை மாதிரி அழுதார். அவருடைய அக்குளில் ஒரு காகிதப் பார்சல் இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு அதை ஒளித்தார். என்ன என்று கேட்டேன்.

"சொல்ல வெக்கமா இருக்கு மிஸ்ஸி. கபன் புடவை. இப்ப வெள்ளைத் துணி கிடைக்கிறதே பெரிய பாடு. ஆள் மிஞ்சாது எண்டு எல்லாரும் சொன்னாங்க, ஊருக்குத் திரும்புற பின்னேர லோஞ்சுக்கு முந்தி வாங்கி வச்சிட்டன்."

மூச்சு இருக்கிற தம்பிக்கு, பிரேதத்துக்குச் சுற்றுகிற துணி. உள்ளே கிடந்த அந்தத் துண்டு நினைவுக்கு வர, பார்சலைக் கையில் வாங்கினேன். கடைக்காரன் கட்டிய சணல் முடிச்சு அவிழவே இல்லை, என் கத்தரிக்கோலால் நான்தான் வெட்டினேன். விரித்தால், ஒரு மூலையில் துண்டு இல்லை. உள்ளே போய் அந்தக் கூடிப்போன துணியைக் கொண்டுவந்து வைத்தேன். நூலுக்கு நூல் பொருந்தியது.

"இத வீட்டுக்குக் கொண்டு போக ஏலாது மிஸ்ஸி" என்று எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டு நூறுதீன் போய்விட்டார். கிழிந்த துண்டை எரித்தேன். மிச்சம் வெறும் துணிதானே என்று வீறாப்பாக வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். இஸ்மாயில் தேறிக் கடலுக்குப் போனான், அதற்குப் பிறகும் பிள்ளைகள் பெற்றான்.

இத்தனை வருஷமாக அந்தத் துணியை நான் தொடவில்லை. வீட்டில் நான் மட்டும்தான், அலுமாரி எப்போதும் பூட்டித்தான் இருக்கும், அதன் திறப்பு என் கழுத்துச் சங்கிலியில் கிடக்கிறது. போன மாதம் கறையானுக்குப் பயந்து அலுமாரியை ஒதுக்கும்போது அதை விரித்துப் பார்த்தேன். மற்ற மூலையிலும் ஒரு துண்டு இல்லை. எலி என்று சொல்லாதீர்கள். எலி கடித்த இடம், அன்றைய ஒத்தடத் துணி மாதிரி ஈரமாக, இளஞ்சூடாக இருக்குமா?